தாளம் வேண்டாத காசெட்

எங்கள் மெல்லிசைக் குழு தன்னைத்தானே உற்றுப் பார்ப்பது என்று முடிவு செய்தது ஒரு ஆனி மாதம், செவ்வாய்க்கிழமை. எண்பதுகளின் நடுவில் ஒரு வருஷம். அதுவரைக்கும் நாங்கள் எங்களைப் பார்த்ததே கிடையாது. கல்யாண வீட்டுக்காரர்களைப் பார்ப்போம், கோயில் கொடைத் திருவிழாக் கமிட்டிக்காரர்களைப் பார்ப்போம், சாப்பாடு எந்தப் பந்தியில் என்று பார்ப்போம். அவ்வளவுதான்.

நாலு பேர். கிட்டார் வாசிக்கிறவர்தான் தலைவர். அவரை மாஸ்டர் என்று கூப்பிடுவோம். பாளையங்கோட்டையில் காலேஜ் படித்து, ஹாஸ்டலில் வெள்ளைக்காரர்களின் இசைத்தட்டுகளைக் கேட்டு, தென்காசிக்கு ஒரு கிட்டாரோடும் பிடரி வரை முடியோடும் திரும்பி வந்தவர். ஆர்கன் வாசிக்கிறவர் செங்கோட்டைக்காரர். எந்த விஷயத்தையும் 'ஆக்கும்' என்று முடித்துவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பார். பாடுகிறவன் தென்காசி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் தையல் கடை வைத்திருந்தான். நாலாவது ஆள் நான். தும்பா வாசிப்பேன். ஜோடியாக நிற்கிற அந்த உயரமான தோல் வாத்தியம், கையால் அடிப்பது.

பகலில் எனக்குப் பாட்டுப் பதியும் கடையில் வேலை. வாடிக்கையாளர்கள் வேண்டிய பாட்டுகளைச் சீட்டில் எழுதிக் கொடுப்பார்கள். நான் அதை வரிசையாகக் காசெட்டில் பதிந்து கொடுப்பேன். எழுபதுகளில் ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவனுக்கு அது பெரிய வேலை. ஏன் விட்டேன் என்று கேட்பவர்களிடம் வறுமை என்று சொல்லுவேன், மரியாதையாக இருக்கும். உண்மையில் கணக்குப் பரீட்சையில் தோற்றுவிடுவேனோ என்று பயந்து பரீட்சைக்கே போகவில்லை. அதனால் இன்று வரை நான் தோற்றதில்லை.

கவலை எனக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு. கடையைப் பூட்டிவிட்டு மூன்று தரம் இழுத்துப் பார்ப்பேன். வீட்டுக்குப் பாதி தூரம் போனபின் திரும்பி வந்து நாலாவது தரமும் பார்ப்பேன். கரண்டு ஏறுமோ, காசெட் சிக்குமோ, தும்பாவின் தோல் சாரலில் தொய்யுமோ என்று ஓயாமல் ஏதாவது ஒன்று உள்ளே ஓடிக்கொண்டிருக்கும். தும்பாவில் கை வைத்து வாசிக்கிற நேரம் மட்டும் அது நின்றுவிடும். உலகத்தில் எனக்கு அந்த ஒரு இடம்தான் இருந்தது. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் அதுவும் போய்விடுமோ என்று கவலை.

நாங்கள் வாசித்துப் பழகுவது மாவு மில்லுக்கு மேலே இருந்த அறையில். அந்தச் செவ்வாய்க்கிழமை மாஸ்டர் கிட்டாரை உறையிலிருந்து எடுக்கவே இல்லை. ஜன்னல் வழியே குற்றால மலையைப் பார்த்தபடி நின்றார். மேகம் மூடி மலையே தெரியவில்லை. ஆனாலும் பார்த்தார்.

"இனிமே சினிமாப் பாட்டு கெடையாது," என்றார். "நாமளே சொந்தமா ஒரு காசெட்டு போடுதோம்."

"சினிமாப் பாட்டு இல்லன்னா என்னத்த மாஸ்டர் பாட?" என்றான் தையல்காரன்.

"நம்மளப் பாடணும். நமக்குள்ள இருக்கத."

"எனக்குள்ள என்ன இருக்கு. காலைல மிஷின்ல உக்காருதேன், சாயங்காலம் எந்திக்கேன். பாட்டு முடிஞ்சிட்டு."

"அதும் சோகப் பாட்டாக்கும்," என்றார் ஆர்கன்காரர்.

மாஸ்டர் சிரிக்கவில்லை. சிரிப்பை அவர் பாளையங்கோட்டையிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார். வெள்ளைக்காரர்கள் பெரிய புகழுக்குப் பிறகு ஒரு நாள் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போவார்களாம். வெளியே வரும்போது அமைதியாக, மூடுபனி மாதிரி ஒரு இசைத்தட்டு வருமாம். எங்களுக்கு முதலில் வர வேண்டிய பெரிய புகழ் இன்னும் வரவில்லை என்பதை யாரும் அவருக்கு ஞாபகப்படுத்தவில்லை. அப்புறம் அவர் சொன்னார்: "தாளமும் கெடையாது. தாளம் ஆள வெளிய இழுத்துட்டு வந்துரும். நாம உள்ள போறோம்."

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். கீழே மில்லில் யாரோ மிளகாய் அரைத்தார்கள். இரும வேண்டியதாகிவிட்டதால் என் முகத்தை யாரும் சரியாகப் பார்த்திருக்க முடியாது.

"அப்பம் நான் மாஸ்டர்?"

"ஒனக்கும் உண்டு. அருவிச் சத்தம் பதியணும். அது ஒன் பொறுப்பு. அப்புறம் கடைசிப் பாட்டுல நாலு அடி வச்சிருக்கேன்."

"நாலு ஆவர்த்தனமா?"

"நாலு அடிலே. ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. அம்புட்டுதான்."

ஒரு மணி நேரக் காசெட்டில் நாலு அடி. அன்றைக்கு வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் கணக்குப் போட்டேன். நாலு அடி வைத்திருக்கிற மனிதர் அடுத்த காசெட்டில் மூன்றாக்குவார். பிறகு ஒன்று. பிறகு என்னை வேன் ஏற்றும்போது பெட்டி தூக்கக் கூப்பிடுவார்.

மாஸ்டருக்கு வேண்டியது தனிமையான அருவி. குற்றாலத்தில், சீசனில். கடையின் டூ-இன்-ஒன் டேப் ரெக்கார்டரைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி, அதன் மேல் துண்டைச் சுற்றி, குழந்தையைத் தூக்குகிற மாதிரி தூக்கிக்கொண்டு பேரருவிக்குப் போனேன். மாஸ்டரும் வந்தார். அருவிக்குக் கீழே ஊரே நின்றது. போலீஸ்காரர் விசில் ஊதினார். எண்ணெய் தேய்க்கிறவர்கள் பலகை போட்டு ஆட்களைப் படுக்கவைத்துத் தட்டினார்கள்; அந்தத் தட்டில் எங்கள் காசெட்டில் இருக்கப்போவதைவிட நல்ல தாளம் இருந்தது. பதிந்ததை ஒரு கடை ஓரமாக நின்று போட்டுக் கேட்டோம். அருவி கேட்டது. அதன் மேல் ஒரு குரல் தெளிவாகக் கேட்டது:

"ஏலே, அது என் ஜட்டிலே. கழத்துலே சவத்த."

"இது வேண்டாம்," என்றார் மாஸ்டர்.

ஐந்தருவிக்குப் போனோம். அங்கே ஐந்து கிளைக்கும் ஐந்து கூட்டம். பழைய குற்றாலத்தில் ஒரு கல்யாண கோஷ்டி, புளிச்சாதத்தோடு. கடைசியில் ஒரு நாள் விடிந்ததும் விடியாததுமாகப் போய், அருவிக்கு வெகு தூரத்தில் ஒரு பாறைக்குப் பின்னால் நின்று அரை மணி நேரம் பதிந்தேன். கிட்டே போனால் சாரல் மிஷினுக்குள் போய்விடும், அண்ணாச்சி என்ன சொல்வார் என்ற பயம். அண்ணாச்சி என்பது கடை முதலாளி. கடைக்குக் கொண்டுவந்து போட்டுக் கேட்டபோது மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டார்.

"இதாம்லே," என்றார். "இதான் தனிமை."

எனக்கு அது ஒரு நீளமான 'ஸ்ஸ்ஸ்' என்றுதான் கேட்டது. பழைய காசெட் மங்கிப்போனால் வருகிற அதே இரைச்சல். நாலு வருஷமாகத் தினமும் அந்த இரைச்சலைப் பஞ்சால் துடைத்துக்கொண்டிருப்பவன் நான். ஆனால் ஒன்பதாம் வகுப்புக்காரன் தனிமையைப் பற்றி என்ன பேசுவது என்று, காசெட் மேல் 'அருவி' என்று எழுதி வைத்தேன்.

பதிவு எங்கள் கடையிலேயே நடந்தது, மூன்று ஞாயிற்றுக்கிழமை. ஷட்டரை இறக்கி, உள்பக்கம் கோணிச்சாக்குகளை நனைத்துத் தொங்கவிட்டோம். சுவரில் சத்தம் மோதாமலிருக்கத்தான். வேர்வையில் நாங்களும் கோணிச்சாக்குகளாகிவிட்டோம். பாட்டு மாஸ்டர் எழுதியது. 'நான் என்னும் அறையில் நானே ஜன்னல்' என்று முதல் பாட்டு.

"மாஸ்டர், இந்த ஜன்னல் தொறந்திருக்கா, மூடியிருக்கா?" என்று தையல்காரன் கேட்டான். "அது தெரிஞ்சா பாவத்தோட பாடுவேன்."

"அது ஒனக்கே தெரியக் கூடாது."

"தெரியல," என்றான் அவன், நிம்மதியாக.

ஆர்கன்காரர் ஒரு கட்டையை அழுத்தினால் ஐந்து நிமிஷத்துக்கு எடுக்கக் கூடாது. முதல் ஞாயிறு கஷ்டப்பட்டார். இரண்டாவது ஞாயிறு ஒரு தீப்பெட்டியைக் கட்டைகளுக்கு நடுவில் செருகிவிட்டு, இரண்டு கையாலும் மலையாளப் பேப்பரைப் பிடித்துப் படித்துக்கொண்டிருந்தார். மாஸ்டர் அதைப் பார்க்கவில்லை. அவர் உள்ளே போயிருந்தார்.

என் நாலு அடிக்காக மூன்று ஞாயிறும் காத்திருந்தேன். கடைசிப் பாட்டு வந்தது. ஒன்று. இரண்டு. மூன்று. நாலு. கச்சிதமாக விழுந்தது. மூச்சு விட்டேன். மூச்சு விட்டதில் முழங்கை தும்பாவில் பட்டு ஐந்தாவதாக ஒரு அடி விழுந்தது. சின்னது, வழுக்கி விழுந்த மாதிரி. மாஸ்டர் கையை உயர்த்தி யாரும் நிறுத்த வேண்டாம் என்று காட்டினார். மறுபடி பதிய நேரமில்லை என்பதுதான் காரணம். ஆனால் கை உயர்த்திய விதத்தில் கலை இருந்தது.

அட்டைப் படம் சிற்றருவியில் எடுத்தது. மூன்று பேர் முதுகைக் காட்டி அருவியைப் பார்த்து நிற்கிறார்கள். நான் அதில் கிடையாது. காமிரா நனையாமல் குடை பிடித்துக்கொண்டிருந்தேன். வீட்டில் என் மனைவி படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இதுல நீங்க எங்கன?"

"குடை பிடிக்கேன். படத்துக்கு வெளிய."

"மூஞ்சியும் இல்ல, முதுகும் இல்ல. எதுக்கு இதுக்குப் போயி மூணு ஞாயித்துக்கெழமையா வெந்தீய?"

அவள் கேட்டது சாதாரணக் கேள்வி. நான் அன்றைக்குக் கடைப் பூட்டை ஐந்தாவது தரமும் போய் இழுத்துப் பார்த்தேன்.

மாஸ்டர் ஐம்பது வெற்றுக் காசெட் வாங்கிக் கொடுத்தார். பிரதி எடுக்கும் வேலை எனக்கு. இங்கே ஒரு தொழில் விஷயம் சொல்ல வேண்டும். காசெட்டின் முதுகு ஓரத்தில் இரண்டு குட்டிப் பிளாஸ்டிக் பல் இருக்கும். பதிந்து முடித்ததும் திருப்புளியால் அதை உடைத்துவிடுவோம். உடைத்துவிட்டால் அதன் மேல் வேறு பாட்டைப் பதிய முடியாது. மிஷினில் ரெக்கார்டு பொத்தான் இறங்காது. பதிந்த காசெட்டுக்குப் பல்லை உடைப்பது எனக்குக் கை தானாகச் செய்கிற காரியம்.

எங்கள் காசெட்டுக்கு நான் உடைக்கவில்லை.

அதற்கு இப்போது பல காரணம் சொல்லிப் பார்க்கிறேன். வாங்குகிறவன் கேட்டுவிட்டுக் கோபப்பட்டால் காசெட்டாவது அவனுக்கு உபயோகப்படட்டும் என்று ஒரு கவலை. அது உண்மைதான். தும்பா இல்லாத காசெட் என்பது இன்னொரு காரணம். அதுவும் உண்மைதான். எது எவ்வளவு என்று பிரிக்க எனக்குக் கணக்கு வராது.

காசெட் வெளிவந்தது. தெரிந்தவர்கள், உறவுக்காரர்கள், மாஸ்டர் பார்த்து முறைத்தவர்கள் எல்லோரும் வாங்கினார்கள். பாராட்டும் ஒன்று வந்தது. ஊரில் ஒரு வாத்தியார் கையெழுத்தை நகலெடுத்துச் சிறுபத்திரிகை ஒன்று நடத்தினார். அதில் இரண்டரைப் பக்கம் எழுதினார். நான் மூன்று தரம் படித்தேன். புரிந்த வரையில், நாலு அடிக்குப் பிறகு தயங்கி விழுகிற அந்த ஐந்தாவது அடிதான் மொத்தக் காசெட்டின் உயிர். மனிதன் தன்னைத் தானே தட்டிப் பார்த்துக்கொள்ளும் ஒலி அது. படித்த மறுநாளிலிருந்து, ஐந்தாவது அடியைத் தான் முதலிலேயே யோசித்து வைத்திருந்ததாக மாஸ்டர் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். என்னிடமும் சொன்னார். என் முழங்கை தன் பங்குக்கு ஒன்றும் பேசவில்லை.

அடுத்த வாரம் கடைக்கு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள்.

"அண்ணே, இந்தக் காசெட்டு இரையுது. எங்க மிஷின் ஹெட்டு அழுக்கா இருக்குமோ?"

"இல்ல, அது அருவி."

"எந்த அருவி?"

"குற்றாலம்."

அவர் தூக்கி வந்த மிஷினில் காதை வைத்துக் கேட்டார். "நான் குற்றாலத்துக்காரன்தான்," என்றார். "ஹெட்டத் தொடைச்சுக் குடும்."

ஒருவர் இரண்டு தரம் துடைக்கச் சொன்னார். இன்னொருவர் புது டூ-இன்-ஒன்னையே விற்றவரிடம் சண்டைக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். அதன்பின் ஒரு புண்ணியவான் காசெட்டைத் திருப்பி ஓரத்தைப் பார்த்தார். "பல்லு இருக்கே," என்றார். சட்டைப் பையிலிருந்து பாட்டுச் சீட்டை எடுத்து நீட்டினார். பன்னிரண்டு சினிமாப் பாட்டு.

நான் அண்ணாச்சியைப் பார்த்தேன். அவர் எனக்குக் காசெட்டையும் சீட்டையும் பார்வையாலேயே காட்டினார்.

"அண்ணாச்சி, இது எங்க காசெட்டு."

"வந்தவரு காசெட்டு. நீ சோலியப் பாரு."

பதிந்தேன். அந்த வாரம் ஒன்று, அடுத்த வாரம் நாலு. ஆடி முடிவதற்குள் பத்தொன்பது. எங்கள் குழுவின் உள்முகப் பயணத்தை என் கையாலேயே ஒவ்வொன்றாகத் துடைத்தேன். முதல் இரண்டுக்கு மனசு கஷ்டமாக இருந்தது. ஐந்தாவதிலிருந்து பாட்டுக்கேற்ப மேஜையில் தாளம் போட்டேன். எல்லாம் நல்ல தும்பா உள்ள பாட்டுகள்.

மாஸ்டருக்குத் தெரிந்தது ஆவணியில். புளியறையில் டீக்கடை வைத்திருந்த ஒருவர் தன் காசெட்டை வாங்க வந்து நின்றார். அதே நேரம் மாஸ்டரும் கிட்டார் கம்பி வாங்கிக்கொண்டு உள்ளே நுழைந்தார். பதிந்தது சரியாக இருக்கிறதா என்று டீக்கடைக்காரர் போட்டுப் பார்க்கச் சொன்னார். போட்டேன். வேறு வழியில்லை. ஏற்கெனவே ஓடிய காசெட்டின் ஆரம்பத்தில் நாடா கசங்கியிருக்கும் என்ற பயத்தில் நான் எப்போதும் ஒரு நிமிஷம் ஓடவிட்டுத்தான் பதிவேன். அதனால் அந்த முதல் நிமிஷம் பழையபடியே இருந்தது.

'ஸ்ஸ்ஸ்' என்று வந்தது. மாஸ்டர் முகம் மலர்ந்துவிட்டது. டீக்கடைக்காரர் தோளில் கை வைத்தார்.

"கண்ண மூடிக் கேளுங்க. இப்பம் கிட்டார் வரும்."

அவரும் பாவம், கண்ணை மூடினார். நான் பொத்தானை அமுக்கி நிறுத்தியிருக்கலாம். கை போகவில்லை. கிட்டாருக்குப் பதிலாகத் தும்பா ஓடிவந்தது, பின்னாலேயே ஒரு கூட்டம் வயலின், ஒரு பெண் குரல்.

"மொதல்ல அந்த மழச்சத்தம் இருந்தா இருந்துட்டுப் போட்டும்," என்றார் டீக்கடைக்காரர். "பொறவு வாரது சுத்தமா இருக்கு." காசெட்டை வாங்கிக்கொண்டு போனார்.

மாஸ்டர் ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"பல்ல ஒடைக்கலியா நீ?"

"இல்ல மாஸ்டர்."

"எத்தனக்கி?"

"எல்லாத்துக்கும்."

"எத்தன அழிச்ச?"

"கேட்டு வந்தவங்களுக்குத்தான். பத்தொம்பது."

வெளியே ஒரு பஸ் பின்னால் வந்துகொண்டே ஹாரன் அடித்தது. அது நின்றதும் கேட்டார்.

"அழிக்கயில பழசு கேக்குமா?"

"கேக்காது மாஸ்டர். புதுசுதான் கேக்கும்."

அந்தக் கேள்வியை அவர் கோபமாகக் கேட்டிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். செத்துப்போன ஒரு ஆளைப் பற்றி விசாரிக்கிற மாதிரி கேட்டார். எழுந்து கம்பியைப் பையில் போட்டுக்கொண்டார்.

"அண்ணாச்சி ஊர்க் கொடைல காசெட்ட முழுசா வாசிக்கப் போறோம். நீ மேடைக்கு வர வேண்டாம். அந்த நாலு அடியும் வேண்டாம்."

ஆக, நான் பயந்த இடத்துக்கு மூன்று, இரண்டு, ஒன்று என்று படிப்படியாகக் கூட வரவில்லை. நேராகப் பூஜ்யத்துக்கு வந்துவிட்டேன்.

அண்ணாச்சியின் ஊர் பாவூர்சத்திரத்துக்கு அந்தப் பக்கம். அம்மன் கொடைக்கு வருஷா வருஷம் நாங்கள்தான் வாசிப்போம். ராத்திரி வில்லுப்பாட்டு என்பதால் எங்களுக்குச் சாயங்காலம் ஆறிலிருந்து எட்டு. அண்ணாச்சியிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் ஏன் என்பார். ஏன் என்றால் ஐம்பதுக்கும் பல்லை உடைக்காத கதை வரும். அது கடையிலும் என் இடத்தை ஆட்டிவிடும் என்று பயம். மைக் செட்டுக்காரருக்கு ஒத்தாசை என்று சொல்லி வேனில் ஏறினேன். மாஸ்டர் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார். பின்பக்கம் ஆர்கன் பெட்டிக்கு அடியில் தும்பாவை வைத்துக் கோணிச்சாக்கைப் போர்த்தியிருந்தேன். எதற்கு என்று கேட்டால் பதில் கிடையாது. வீட்டில் விட்டுவந்தால் எலி கடிக்குமோ என்று கவலை.

மேடையில் மூன்று பேர். நான் கீழே, ஆம்ப்ளிஃபயர் பெட்டிக்குப் பக்கத்தில். பெண்களும் பிள்ளைகளும் பாய் விரித்து உட்கார்ந்திருந்தார்கள். இளவட்டங்கள் பந்தல் காலைப் பிடித்து நின்றார்கள். மாஸ்டர் மைக்கில், "இது உள்ளே கேட்க வேண்டிய இசை," என்றார். ஒரு ஆச்சி, "கோயிலுக்கு உள்ள போயி கேக்கணுமாட்டீ?" என்று பக்கத்தில் இருந்தவளைக் கேட்டாள். அவள் எழுந்துகூடப் பார்த்தாள்.

ஆர்கன்காரர் தீப்பெட்டியைச் செருகினார். ரீங்காரம் கிளம்பியது. தையல்காரன் ஜன்னல் பாட்டைப் பாடினான். ஐந்து நிமிஷம் ஆயிற்று, பத்து ஆயிற்று. எங்கள் பக்கம் கச்சேரி நடக்கும்போது வேண்டிய பாட்டைச் சீட்டில் எழுதி மேடைக்கு அனுப்புவார்கள். முதல் சீட்டு வந்தது. தையல்காரன் படித்துவிட்டு என் பக்கம் போட்டான். 'மைக் ரிப்பேர். உடனே கவனிக்கவும்.' இரண்டாவது சீட்டு: 'தும்பா அண்ணனுக்கு உடம்புக்கு என்ன? இப்படிக்கு, தெற்குத் தெரு இளைஞர்கள்.' அதை நான் மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். என் உடம்பைப் பற்றி ஒரு தெருவே விசாரித்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

மூன்றாவது பாட்டில் ரீங்காரம் நீண்டுகொண்டே போனது. ஜெனரேட்டர்காரர் முகம் மாறியது. தன் மிஷின்தான் அப்படி முனகுகிறது என்று நினைத்து ஓடிப்போய் அதை நிறுத்திவிட்டார். குழல்விளக்கெல்லாம் போயிற்று, ரீங்காரம் போயிற்று. அந்தி வெளிச்சத்தில் எல்லோரும் அப்படியே உட்கார்ந்திருந்தோம்.

"இப்பம் நல்லாருக்கு," என்று பந்தல் கால் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது.

சிரிப்பு பாய் பாயாகப் பரவியது. விளக்கு திரும்ப வந்தபோது அண்ணாச்சி மேடையில் நின்றார், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு.

"என்ன தம்பி, அவன் ஏன் கீழ நிக்கான்?"

"இந்தப் பாட்டுக்குத் தாளம் இல்ல அண்ணாச்சி."

"கொடைக்கி வந்துட்டு தாளம் இல்லன்னா எப்படி. அம்மன் எதக் கேட்டு எந்திச்சு வருவா?"

"இது மனசுக்குள்ள பாக்குற பாட்டு."

"அவளுக்கு உள்ள பாக்க ஏது நேரம். வெளிய ஆயிரம் சோலி கெடக்கு." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நீங்க பாத்து முடிங்க தம்பி. ஏழு மணிக்கு எனக்கு நாலு பாட்டு வேணும், ஆடுத மாதிரி. இல்லன்னா இப்பமே வில்லுக்காரரக் கூப்பிட்டுருவேன். அவரு குடத்தோடதான் வந்திருக்காரு."

மாஸ்டர் கிட்டார் கம்பியைத் தடவிக்கொண்டிருந்தார். அவர் நினைத்திருந்தால் இறங்கிப் போயிருக்கலாம். போயிருந்தால் ஆர்கன்காரரும் தையல்காரனும் நானும் அங்கேயே ஒரு குழு ஆகியிருப்போம். அண்ணாச்சி அன்றைக்கே அதற்கு ஒரு பெயரும் வைத்திருப்பார். அந்த ஒரு நிமிஷத்தில் நான் அதையும் நினைத்துப் பார்த்தேன் என்பதை மறைக்க மாட்டேன். அவர் மேடை ஓரத்துக்கு வந்து குனிந்தார்.

"எடுத்துட்டு வாலே."

"எத மாஸ்டர்?"

"வேன்ல சாக்கு போத்தி வச்சிருக்கேல்லா, அத."

முதல் பாட்டில் தோல் தொய்ந்திருக்குமோ என்ற கவலை உள்ளே ஓடியது. இரண்டாவதில் நின்றது. பெண்கள் பாயைச் சுருட்டி ஓரம் வைத்துவிட்டு நெருங்கி வந்தார்கள். தெற்குத் தெரு இளைஞர்கள் துண்டைத் தலைக்கு மேல் சுழற்றினார்கள். மாஸ்டர் விளக்கெண்ணெய் குடித்த முகத்தோடு எல்லாச் சினிமாப் பாட்டையும் ஒரு சுரம் பிசகாமல் வாசித்தார். கேட்டது நாலு பாட்டு, ஒன்பது வாசித்தோம். எட்டு மணிக்கு வில்லுக்காரர் வந்து மேடையைத் தரச் சொல்லி நின்றார்.

வயரைச் சுற்றிக்கொண்டிருந்தபோது மாஸ்டர் என் பக்கத்தில் வந்தார். காசெட்டைப் பற்றித்தான் பேசப் போகிறார் என்று வயரை அவசரமாகச் சுற்றினேன்.

"ரெண்டாவது பாட்டுல எதுக்கு அந்த ஓட்டம் ஓடுத? பின்னால போலீசா வருது?"

"சரி மாஸ்டர்."

"சரின்னா? அடுத்த வாரம் ஆய்க்குடிக் கல்யாணத்துலயும் இப்படி ஓடுன, கிட்டாரக் கீழ வச்சுருவேன்."

குழுவில் இல்லாத ஆளைப் பார்த்து யாரும் ஓடாதே என்று திட்ட மாட்டார்கள். சுற்றிய வயரை மறுபடி அவிழ்த்து, முதலிலிருந்து நிதானமாகச் சுற்றினேன்.

மாஸ்டர் கிட்டாரை உறைக்குள் போட்டார். தோற்றுப்போன களை அவரிடம் சுத்தமாக இல்லை. "அடுத்த காசெட்டுக்கு ஒரு யோசனை இருக்கு," என்றார், ஆர்கன்காரரிடம். "இதுல குரல்தான் எடஞ்சலா இருந்துச்சு. பாட்டு வேண்டாம். வெறும் வாத்தியம்."

"அது நல்லதாக்கும்," என்றார் ஆர்கன்காரர், தீப்பெட்டியைப் பையில் போட்டபடி.

மைக்கைத் துடைத்துக்கொண்டிருந்த தையல்காரனின் கை நின்றது. மாஸ்டர் வேனுக்கு நடந்ததும் என்னிடம் வந்தான்.

"மாப்ளே, நெசமாவா சொல்லுதாரு?"

அந்த முகம் எனக்கு நன்றாகத் தெரிந்த முகம். அவருக்கு இப்படித்தான் வரும், அடுத்த கொடையில் சரியாகிவிடும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவன் அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கியிருப்பான்.

"நெசம் மாதிரிதான் இருக்கு," என்றேன். தும்பாவைத் தோளில் தூக்கிக்கொண்டு, சாக்கு போர்த்தாமலே வேனுக்குப் போனேன்.